நம்ம கம்பெனி வண்டி

சிதம்பரம்
14.7.2008

அன்புள்ள மதி,

நான்கு நாளாக உன் செல்லுக்கு அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். போனை எடுத்தால் நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும். கடிதமென்றால் பாதியில் கட் பண்ண முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்துச் சின்னம்மாள் போன வியாழக்கிழமை தைத்த ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் சேத்தியாத்தோப்புக் கடைக்கு வந்திருக்கிறாள். பாலத்துக்கு முந்திய வளைவில் அவள் வண்டியின் இடது சைடு வீல் தனியாகக் கழன்று ஓடிவிட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த செங்கல் டிராக்டர்காரன் பிரேக் போட்டும் நிற்கவில்லை. அவளுடைய இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். போலியோ வந்தது வலது கால், மதி. எடுத்தது நல்ல கால்.

போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த வண்டியைப் போய்ப் பார்த்தேன். தம்பி செம்பியன் அடியில் படுத்துப் பார்த்துச் சொன்னான். சைடு வீலைத் தாங்குகிற பைப் வெல்டிங்கோடு பிளந்திருக்கிறது. கம்பெனி வெல்டிங்குக்கு மேலே உள்ளூர்க் கடையில் பற்றவைத்த ஒட்டு இரண்டு இருக்கிறதாம். அப்படியென்றால் அது ஏற்கெனவே இரண்டு தடவை விட்டிருக்கிறது. அவள் உன்னிடம் சொன்னாளா? என்னிடம் சொல்லவில்லை. நானும் என் வண்டியில் விட்டதை அவளிடம் சொல்லவில்லை.

நீ என்னை நன்றி கெட்டவள் என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். காலேஜ் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்த பிறகும் செம்பியன்தான் என்னைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விடுவான். துணைவன் கம்பெனி சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் வந்த அன்று சாயங்காலம் நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. கீழவீதியில் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே ஒரு டீ வாங்கிக் குடித்தேன். யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் நான் குடித்த முதல் டீ. அந்தக் கம்பெனி மேல் எனக்கு இருக்கும் ஆசை உனக்கு இருப்பதைவிடக் குறைச்சல் இல்லை.

நீ அந்தக் கம்பெனி ஆபீஸிலேயே கணக்குப் பார்க்கிறாய். அதே வண்டியைத்தான் ஓட்டுகிறாய். முதலாளி தேவசகாயம் அண்ணனிடம் நீ சொல். விற்ற வண்டியை எல்லாம் வரவழைத்துப் பார்க்கச் சொல். ஒரு வாரம் பொறுக்கிறேன். அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பேப்பருக்கு எழுதுவேன். வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதி வைத்துவிட்டேன், போடுவதுதான் பாக்கி.

வாணி

*

திருப்பாதிரிப்புலியூர்
18.7.2008

வாணிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

சின்னம்மாளை நினைத்து நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைக்காதே. ஆனால் பேப்பருக்கு எழுதினால் அவள் கால் முளைக்கப் போகிறதா? பேப்பரில் உன் பேர் வரவேண்டும் என்று ஆசையாக இருந்தால் கோலப் போட்டிக்கு எழுது.

கொஞ்சம் யோசித்துப் பார். நமக்கென்று சைடு வீல் செய்கிற கம்பெனி இந்தப் பக்கத்தில் வேறு எது? வடக்கே ஒன்று இருக்கிறது. விலை இரண்டு பங்கு. ஒரு போல்ட் போனால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அண்ணன் அப்படியா? போனில் சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஆளை அனுப்புகிறார். காசு முழுசாகக் கொடுக்காதவர்களுக்கும் வண்டி கொடுத்திருக்கிறார். இப்போதுதான் பெரிய கவர்மெண்ட் ஆர்டர் ஒன்று கைக்கு வருகிற நேரம். அது வந்தால்தான் பேங்க்காரன் வாயை மூடுவான். நீ எழுதுவதைப் படித்தால் அந்த ஆர்டர் நிற்கும். ஆர்டர் நின்றால் கம்மியம்பேட்டைப் பட்டறைக்குப் பூட்டு. பிறகு நம் வண்டிக்கு ஒரு பேரிங் வேண்டும் என்றால் யாரிடம் போய் நிற்பாய்? நிற்பாய் என்று எழுதிவிட்டேன், சிரிப்பு வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். பேப்பர் படிக்கிறவர்கள் கம்பெனியைத் திட்ட மாட்டார்கள். நம்மைத்தான் சொல்வார்கள். "கால் இல்லாததுங்களுக்கு எதுக்கு வண்டி, வூட்ல கெடந்தா என்னா"ன்னு சொல்வார்கள். அதைச் சொல்லக் காத்திருக்கிற வாய் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் வீட்டில் என் மாமா.

அண்ணனிடம் சொல்லச் சொல்கிறாய். அவருக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை. சின்னம்மாள் விழுந்தாள் என்பது தெரியும். எப்படி விழுந்தாள் என்பது தெரியாது. டிராக்டர் இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். என் வண்டியைத் தவிர நம்மில் யாருடையதில்தான் வெல்டிங் விடவில்லை? விட்டால் என்ன செய்தோம்? அண்ணன் மனசு கஷ்டப்படும், கம்பெனி பேர் கெடும் என்று உள்ளூரிலேயே பற்றவைத்துக்கொண்டோம். யாரும் நமக்குச் சட்டம் போடவில்லை. நாமாகத்தான் செய்தோம். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாரும் கூடுகிறபோது மைக்கைப் பிடித்துப் பாராட்டினோம். போன வருஷம் நீ பேசியதைக் கேட்டுப் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு உன் வண்டியில் எத்தனை ஒட்டு இருந்தது?

வெண்மதி

*

சிதம்பரம்
28.7.2008

மதி,

இரண்டு ஒட்டு இருந்தது. இப்போது மூன்று.

நீ கேட்டது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்காக என் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்காதே. மைக்கில் பாராட்டியவள் பேப்பரில் திட்டக்கூடாது என்று யார் சொன்னது? பாராட்டியவள்தான் சொல்ல வேண்டும். வண்டியே ஓட்டாத ஆள் எழுதினால் பொறாமை என்பார்கள்.

ஒரு வாரம் என்று சொன்னேன். இரண்டு வாரம் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் போனிலிருந்து பட்டறைக்கு அடித்தேன். உன் குரல் கேட்டது. என் குரலைக் கேட்டதும் "அண்ணன் வெளிய போயிருக்காரு"ன்னு வைத்துவிட்டாய். பின்னால் அண்ணன் யாரையோ சத்தம் போடுவது எனக்குக் கேட்டது.

நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்கிறாய். நீ பார்க்கிற நேரம் வருவதற்குள் இன்னொருத்தி விழுவாள். எந்த ஊரில் எந்த வளைவில் என்றுதான் தெரியவில்லை. தினமும் காலையில் அந்தப் பயத்தோடுதான் எழுந்திருக்கிறேன்.

கடிதத்தை இன்று போட்டுவிட்டேன். கம்பெனி பெயரையும் எழுதியிருக்கிறேன். என் பெயரையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கம்பெனி எனக்கு என்ன செய்தது என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். அதை மட்டும் வெட்டாமல் போடுவார்களா என்று தெரியவில்லை.

வாணி

*

திருப்பாதிரிப்புலியூர்
11.8.2008

இசைவாணிக்கு,

வெட்டிவிட்டார்கள். நீ பாராட்டிய பத்தி வரவில்லை. கால் போனது, பைப் உடைந்தது, கம்பெனி பெயர், உன் பெயர், இது மட்டும் வந்திருக்கிறது. தலைப்பை நீ வைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். "ஊனமுற்றோர் உயிரோடு விளையாடும் நிறுவனம்." அண்ணன் யார் உயிரோடு விளையாடினார், வாணி?

இனி நடந்ததைக் கேள். ஆர்டர் நின்றுவிட்டது. விசாரணை முடியட்டும் என்கிறார்கள். எப்போது முடியும் என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். முன்பணம் கட்டிய நான்கு பேர் திருப்பிக் கேட்டு வந்தார்கள். லால்பேட்டை ஜெய்புனிசாவை அவளுடைய வாப்பா வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி ஷெட்டில் பூட்டிவிட்டார். போனில் அழுதாள். "அந்த அக்கா எழுதுன பேப்பர எங்க வாப்பா சட்டப் பைலயே வச்சிருக்காரு"ன்னு சொன்னாள். டீச்சர் டிரெய்னிங் போய்க்கொண்டிருந்த பெண். இனி எப்படிப் போவாள்?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. உனக்குப் பதில் எழுதி அதே பேப்பருக்கு அனுப்பியிருக்கிறோம். துணைவன் வண்டி நல்ல வண்டி, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, யாரோ தூண்டிவிட்டு எழுதியது என்று. முப்பதுக்கு மேல் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. உனக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சின்னம்மாளும் போட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை. பார்க்கப் போனபோது பேச்சு வந்தது. அவளே பேனாவை வாங்கிப் போட்டாள்.

உனக்கு இப்போது நிம்மதியா?

வெண்மதி

*

சிதம்பரம்
17.8.2008

மதி,

நிம்மதி இல்லை. நன்றாகக் கேட்டாய்.

சின்னம்மாள் கையெழுத்தை நான் நம்பவில்லை. நீ மிரட்டி வாங்கியிருப்பாய் என்றுகூட நினைத்தேன். மன்னித்துக்கொள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ நர்ஸ் ஜாக்கெட் கொடுத்திருக்கிறாள்.

"ஏன்டி போட்டே"ன்னு கேட்டேன்.

"கம்பெனி இருந்தாதாங்க்கா எனக்கு வேற வண்டி குடுப்பாங்க" என்றாள். "ரெண்டு காலு இல்லாட்டியும் கையாலயே ஓட்டலாமாம், அண்ணன் பண்ணித் தருவாராம். நீங்க எழுதி அத மூடிட்டீங்கன்னா நான் கெடக்குற எடத்துலயே கெடக்கணும். ஒடஞ்சா பத்த வச்சிக்கலாங்க்கா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சினாள். மறுப்புக் கடிதம் ஒன்று எழுதிவிடுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடைந்ததால் கால் போனவள், உடைந்தால் பற்றவைத்துக்கொள்ளலாம் என்கிறாள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆமாம், வண்டியில்தான் போனேன். நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கலாம். பேப்பரில் எழுதியவள் அதே வண்டியில்தான் இன்னமும் ஆபீஸ் போகிறாள். வேறு எதில் போவாள்? செம்பியனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்துவிட்டது. இனிமேலும் என்னைத் தூக்கு என்று எந்த வாயால் கேட்பது? கிளம்பும்போது அம்மா பின்னால் வந்து அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்க்கிறாள். அவளுக்கு வெல்டிங்கைப் பற்றி என்ன தெரியும்? தடவிப் பார்த்துவிட்டு, போயிட்டு வா என்கிறாள்.

நீ என் மேல் எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் இரு. ஒரு காரியம் மட்டும் செய். உன் வண்டியின் அடியில் யாரையாவது படுத்துப் பார்க்கச் சொல். உன்னுடையது ஒருமுறைகூட விட்டதில்லை என்று பெருமை பேசுவாயே, அதனால்தான் சொல்கிறேன். உன்னுடையதை யாருமே பார்த்ததில்லை.

வாணி

*

திருப்பாதிரிப்புலியூர்
2.9.2008

வாணி,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் பதில் பேப்பரில் வந்த அன்று அண்ணன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். உன்னுடையது வந்தபோது நான் அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தேன். ஆர்டர் நின்றதற்குப் பேங்க்தான் காரணம் என்று சொல்லி வைத்திருந்தேன். யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மதி, ஒருத்தருக்குமா ஒடையல? ஒருத்தருமா வந்து சொல்லல?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வரச் சொல்லச் சொன்னார்.

நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். விருத்தாசலத்துக்காரர்கள் சால்வை வாங்கி வந்தார்கள். வேப்பூரிலிருந்து ஒருவர் பலாப்பழமே கொண்டுவந்தார். அண்ணன் எதையும் கையில் வாங்கவில்லை. எங்களைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, பட்டறை ஆட்களிடம் ஒவ்வொரு வண்டியாகச் சாய்க்கச் சொன்னார். நம்மில் யாராலும் குனிந்து பார்க்க முடியாது இல்லையா? எங்கள் வண்டியின் அடி எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒன்றில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. ஒன்றில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தது. பாதிக்கு மேல் அப்படித்தான். என் வண்டியில் ஒட்டே இல்லை. ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. நீ சொன்னபடிதான், யாரும் பார்த்ததில்லை.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வருசம் முந்தி பைப்பு வாங்குற கடைய மாத்துனேன். கனம் கம்மின்னு எனக்குத் தெரியல, நம்பி வாங்கிட்டேன். மொத வண்டி ஒடஞ்சப்பவே ஒருத்தர் வந்து என் சட்டயப் புடிச்சிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். பத்து வண்டியோட போயிருக்கும். சின்னம்மா காலு இருந்திருக்கும். நீங்க மால போட்டீங்க. நான் நல்லாத்தான் செய்றோம்னு அதயே செஞ்சிக்கிட்டு இருந்தேன்."

சால்வை பையிலேயே இருந்தது.

பிறகுதான் வாணி, நான் எழுதவே கூசுகிற விஷயம் நடந்தது. ஒரு வண்டியும் இங்கிருந்து வெளியே போகாது என்றார். பட்டறை மனையை விற்றாவது எல்லாருக்கும் பைப்பை மாற்றித் தருவேன், மாதக் கணக்கில் ஆகும், அதுவரை யாரும் ஓட்டக்கூடாது, வீட்டுக்குப் போக வேன் சொல்லியிருக்கிறேன் என்றார். அவ்வளவுதான். அழுகை ஆரம்பித்தது. வண்டியைக் கொடுங்கள் என்று அவர் காலைப் பிடித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிற அய்யனார் தரையில் தவழ்ந்தே போய்த் தன் வண்டியின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டார்.

"வண்டி இல்லன்னா யாபாரம் இல்ல அண்ணா. பாத்து ஓட்டிக்கிறேன். வுழுந்தா வுழுறேன்."

அண்ணன் கேட்டை மறித்துக் கையை விரித்து நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வெளியே போனது. ஒருவர்கூடத் தங்கவில்லை.

நானும் போனேன். விரிசலைக் கண்ணால் பார்த்துவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அதிலேயே ஆபீஸ் போனேன். அண்ணன் என் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதில்தான் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஆனால் சாவியை என்னால் கீழே வைக்க முடியவில்லை, வாணி. வைத்தால் மாமா அடுத்த நாளே வண்டியை விற்றுவிடுவார்.

நீ பேப்பரில் எழுதியது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷம் முன்னால் நாம் எல்லாரும் எழுதியிருந்தால் அது சரி. அது மட்டும் தெரிகிறது. நல்ல மனுஷனை நாம்தான் கெடுத்தோம். ஆசை வைத்துக் கெடுத்தோம்.

நீ இன்னும் ஓட்டுகிறாயா? மறைக்காமல் எழுது.

மதி

*

சிதம்பரம்
8.9.2008

அன்புள்ள மதி,

போன வெள்ளிக்கிழமை வரை ஓட்டினேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை. கேட்டைச் சுற்றிக்கொண்டு போன உங்களை எல்லாம் மனசுக்குள் திட்டிப் பார்த்தேன். திட்ட முடியவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பேன். பேப்பரில் ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதிவிட்டு, மறுநாள் காலை எட்டரைக்கு அதே வண்டியை ஸ்டார்ட் பண்ணியவள் நான். என் வார்த்தையை யாரும் நம்பாததற்கு நீங்கள் எழுதிய பதில் காரணமில்லை. மேலவீதியில் தினமும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நான் ஓட்டிக்கொண்டு போனதுதான் காரணம்.

அதனால் சனிக்கிழமை என் வண்டியை மினி லாரியில் ஏற்றிக் கம்மியம்பேட்டைக்கு அனுப்பிவிட்டேன். இந்நேரம் உன் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருக்கும். பைப்பைக் கழற்றி அறுத்துப் போடச் சொல்லி அண்ணனுக்குச் சீட்டு வைத்திருக்கிறேன். எப்போது மாற்ற முடிகிறதோ அப்போது மாற்றட்டும். கடைசியாக மாற்றினாலும் பரவாயில்லை.

ஆபீஸில் சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்திருக்கிறேன். "பாத்துக்கலாம்மா" என்றார் சூப்பிரண்டு. அந்தப் பாத்துக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வீட்டில் இரண்டு நாளாகத் தரையில் நகர்ந்துதான் போகிறேன். உள்ளங்கை பழக்கம் விட்டுப்போய் எரிகிறது. செம்பியன் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், நான் வெட்கப்படக்கூடாது என்று. அவன் பெண்டாட்டி நல்ல பெண். ஆனாலும் எத்தனை நாளைக்கு நல்ல பெண்ணாக இருப்பாள்? பயமாக இருக்கிறது, மதி. டிராக்டருக்குப் பயப்பட்டதைவிட ஜாஸ்தியாகப் பயமாக இருக்கிறது.

இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் நானே வண்டியில் போய்த் தபாலாபீஸ் பெட்டியில் போட்டேன். திட்டி எழுதியதைக்கூட. இதை செம்பியனிடம் கொடுத்தனுப்புகிறேன். எப்போது போடுவான் என்று அவனைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கம்பெனியைப் பற்றிப் பேப்பரில் எழுதுவது சுலபமாக இருந்தது. அது ஊருக்கு எழுதியது. இது உனக்கு மட்டும் எழுதுவது. உனக்கு வேலை போகும், மாமா வண்டியை விற்றுவிடுவார், வீட்டில் கிடக்க வேண்டி வரும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நீ இறங்கினால் மற்றவர்கள் யோசிப்பார்கள். முதல் கையெழுத்து உன்னுடையது. யோசிக்காவிட்டாலும் நீயாவது இருப்பாய். இருந்து என்னைத் திட்டிக்கொண்டிரு, எனக்கு அது போதும்.

தபால்காரர் உன் கடிதத்தை எப்போதும் நீ வண்டியில் வந்து நிற்கும்போதே ஆபீஸ் வாசலில் வைத்துத்தான் கொடுப்பார் என்று சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் இதை நீ வண்டியில் உட்கார்ந்தபடி படித்துக்கொண்டிருக்கிறாய். சாவியைத் திருப்பி எடுத்துவிடு. யாரையாவது கூப்பிட்டுத் தூக்கச் சொல்லி இறங்கு.

வாணி